மிஸ்ஸியைக் கேளுங்கள்: இரவு இரண்டு மணிக்கு வரும் பட்டியல்

தை பிறந்தால் எங்கள் வீடுகளுக்கு இரண்டு சாமான் வந்து சேரும். ஒன்று நகைக்கடைக் கலண்டர், மற்றது வங்கி டயறி. கலண்டர் குசினிச் சுவரில் ஏறிவிடும். ராகுகாலம் பார்க்கவாவது அதற்கு மரியாதை உண்டு. டயறி மாசி முடிவதற்குள் சீட்டுக் கணக்குக்கோ சின்னப்பிள்ளை கிறுக்குவதற்கோ போய்விடும். இந்த முறை எனக்கு வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் டயறி, கொப்பி, பிளானர் என்றே இருந்தன. அதனால் பிரஷர், முழங்கால் நோக் கேள்விகளை அடுத்த மாதத்துக்குத் தள்ளியிருக்கிறேன், கோபிக்க வேண்டாம். நான் உளவளத்துணை படித்தவள் இல்லை. 34 வருடம் ஆஸ்பத்திரி வார்ட்டில் நின்ற மிஸ்ஸி, அதாவது தாதி. அந்த அளவில் வைத்துக் கேளுங்கள்.

கேள்வி: மிஸ்ஸி அக்கா, எனக்கு 36 வயது. பிரதேச செயலகம் ஒன்றில் அபிவிருத்தி உத்தியோகத்தராக இருக்கிறேன். இரண்டு பிள்ளைகள். மூத்தவவுக்கு இந்த வருடம் புலமைப்பரிசில் பரீட்சை. அம்மாவுக்குச் சலரோகம், மாதாமாதம் கிளினிக். பகலில் ஓடிக்கொண்டே இருப்பதால் ஒன்றும் தெரிவதில்லை. இரவு இரண்டு மணிக்கு முழிப்பு வந்தால் எல்லாம் வரிசையாக வந்து நிற்கும். காஸ் முடியப்போகிறது, ரியூசன் காசு கட்டவில்லை, பயனாளிகள் பட்டியல் அனுப்பவில்லை, கனடாவில் இருக்கும் அண்ணாவோடு காணி உறுதி பற்றிக் கதைக்க வேண்டும்... நெஞ்சு படபடவென்று அடிக்கும். கணவர் கொழும்புக்குப் போனபோது 2,400 ரூபாவுக்கு வடிவான பிளானர் ஒன்று வாங்கிவந்தார். ஒன்பது நாள் எழுதினேன். பத்தாம் நாள் சின்னவனுக்குக் காய்ச்சல், விட்டுப்போனது. இப்போது அதைக் கண்டாலே குற்ற உணர்வு. அலுமாரிக்குள் உடுப்புக்குக் கீழே ஒளித்து வைத்திருக்கிறேன். எழுதி வைத்தால் உண்மையிலேயே பதகளிப்புக் குறையுமா? அல்லது இதுவும் இன்னொரு வேலையா?
– ஒரு தாய், கொக்குவில்

பதில்: தங்கச்சி, அந்த 2,400 ரூபாவை முதலில் மறந்துவிடுங்கள். நீங்கள் இங்கே நான்கைத்தான் காட்டியிருக்கிறீர்கள் போலப் பத்திரிகையில் சுருக்கிவிட்டார்கள். எனக்கு வந்த முழுக் கடிதத்தில் எண்ணிப் பார்த்தேன், 17 விஷயம் இருந்தது. ஒன்றுகூடப் பொய்ப்பயம் இல்லை. எல்லாம் யாரோ ஒருவர் செய்தேயாக வேண்டிய வேலை. எங்கள் சனம் இதற்கு ஒரேயொரு மருந்து வைத்திருக்கிறது: "யோசிக்காதேங்கோ." யோசிக்காமல் விட்டால் காஸ் சிலிண்டர் தானாக நடந்து வருமா?

நான் வார்ட்டில் புதிதாகச் சேர்ந்த காலத்துக் கதை ஒன்று. 1981 ஆம் ஆண்டு. பின்னேர டியூட்டி முடிந்து விடுதிக்கு வந்து படுத்துவிட்டேன். இரவு இரண்டு மணிக்கு, உங்களுடைய அதே இரண்டு மணிதான், திடுக்கிட்டு எழும்பினேன். 14 ஆம் கட்டில் ஐயாவுக்கு ஆறு மணி ஊசி போட்டேனா? போட்டதாக ஒரு நினைப்பு, போடாததாக ஒரு நினைப்பு. நைற்றியின் மேல் துவாயைப் போர்த்துக்கொண்டு வார்ட்டுக்கு ஓடினேன். ஐயாவின் சிகிச்சை விபரம் எழுதும் ரிக்கற்றைப் புரட்டினால் என்னுடைய கையெழுத்திலேயே இருக்கிறது: ஊசி, நேரம், ஒப்பம். இரவு டியூட்டிக்கு நின்ற மூத்த மிஸ்ஸி சிரிக்கவில்லை. "எழுதினா எழுதினதை நம்பு. எழுதேல்லையெண்டா எழுதிப்போட்டுப் போ. ரெண்டுக்கும் நடுவில நிண்டு நித்திரையைக் கெடுக்காதை" என்றா. அன்றைக்கு அவ மேல் கோபம்தான் வந்தது. அந்த வசனத்தின் பெறுமதி பிறகு பிறகுதான் விளங்கியது.

வார்ட்டில் காலை ஏழு, பகல் ஒன்று, இரவு ஏழு என்று டியூட்டி மாறும். மாறும்போது போகிறவவும் வருகிறவவும் கொப்பியோடு கட்டில் கட்டிலாக நடப்போம். இவருக்குச் சேலைன் எட்டரைக்கு முடியும், இவவுக்கு விடிய இரத்தம் எடுக்க வேண்டும், இந்தப் பிள்ளை சாப்பிடவில்லை, ஒருக்கால் பாருங்கோ. எல்லாம் சொல்லி, கொப்பியைக் கையில் கொடுத்த பிறகுதான் வீட்டுக்குப் போகலாம். 40 நோயாளிகளை விட்டுவிட்டுப் போய் நித்திரை கொள்ள முடிந்ததென்றால் கல்மனம் என்று நினைக்காதீர்கள். பொறுப்பு இன்னொரு கைக்கு மாறிவிட்டது என்று எங்கள் மண்டைக்கு நிச்சயமாகத் தெரியும், அவ்வளவுதான்.

வீட்டில் உங்களுக்கு அந்த அடுத்த டியூட்டி இல்லை. காலையும் நீங்கள், பின்னேரமும் நீங்கள், இரவும் நீங்கள். ஒப்படைக்க ஆளில்லாததால் மண்டை இரவு இரண்டு மணிக்கும் கட்டில் கட்டிலாக நடந்து பார்க்கிறது. உங்களுக்கு வேண்டியது ஓர் ஒப்படைப்புக் கொப்பி. வாங்குகிற ஆள் யார் என்றால், நாளைக் காலை ஆறரைக்குத் தேத்தண்ணிக் கோப்பையோடு குசினியில் நிற்கப்போகிற நீங்களேதான்.

இது வெறும் மிஸ்ஸிக் கதை இல்லை. 2011 இல் அமெரிக்காவில் மசிகம்போ, பௌமைஸ்ரர் என்ற இரண்டு உளவியலாளர்கள் இதைச் சோதித்தார்கள். முடிக்காமல் விட்ட வேலை ஒன்று மனதுக்குள் குறுக்கே குறுக்கே வந்து தொல்லை கொடுக்கும், அது தெரிந்ததுதான். அந்த வேலையை முடிக்காவிட்டாலும், எப்போது எப்படிச் செய்வது என்று தெளிவாகத் திட்டம் போட்டுவிட்டாலே அந்தத் தொல்லை அடங்கிவிடுகிறது என்று கண்டார்கள். 2018 இல் டெக்சஸ் மாநிலத்தின் பெய்லர் பல்கலைக்கழகத்தில் இன்னொன்று. 57 இளம் ஆட்களைப் படுக்கப் போகுமுன் ஐந்து நிமிடம் எழுதச் சொன்னார்கள். ஒரு பகுதியினர் செய்து முடித்ததை எழுதினார்கள், மற்றவர்கள் இனிச் செய்ய வேண்டியதை எழுதினார்கள். செய்ய வேண்டியதை எழுதியவர்கள் சராசரியாக ஒன்பது நிமிடம் முந்தி நித்திரையானார்கள். விபரமாக எழுதியவர்களுக்கு இன்னும் கெதியாக நித்திரை வந்தது. 57 பேர் சின்னத் தொகைதான், அதுவும் சுகமான இளசுகள், உங்களைப் போல அம்மாவின் கிளினிக் கொப்பியோடு ஓடுகிறவர்கள் இல்லை. ஆனாலும் ஐந்து நிமிடம்தானே, செய்து பார்க்கலாம்.

சரி, எப்படிச் செய்வது? கடையில் 80 பக்கச் சீ.ஆர். கொப்பி ஒன்று வாங்குங்கள். திகதி அச்சடித்தது வேண்டாம். எழுதாமல் விட்ட நாளெல்லாம் வெள்ளைப் பக்கமாக நின்று உங்களைக் குற்றம் சொல்லும். அந்தப் பிளானரை அலுமாரிக்குள் ஒளிக்கவைத்தது அதுதான். கொப்பியில் திகதியை நீங்கள் போடுவீர்கள். பிள்ளைக்குக் காய்ச்சல் வந்து ஆறு நாள் எழுதாவிட்டால் ஏழாம் நாள் திகதி அடுத்த வரியிலேயே வரும். இடையில் ஓட்டை தெரியாது.

இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு, கோப்பை கழுவி முடிந்ததும், பக்கத்தின் நடுவே ஒரு கோடு. இடப்பக்கம் கையால் செய்யக்கூடியது, வலப்பக்கம் செய்ய ஒன்றுமில்லாமல் பயம் மட்டும் உள்ளது. "மகள் புலமைப்பரிசிலில் வெட்டுப்புள்ளிக்குக் கீழே போய்விட்டால்" என்பது வலப்பக்கம். "ரியூசன் காசு, புதன் வேலையால் வரும் வழியில், 1,500" என்பது இடப்பக்கம். இடப்பக்கத்தில் எழுதும்போது தலைப்புப் போடாதீர்கள். "அம்மா கிளினிக்" என்று எழுதினால் அது இரவு முழுக்கக் கத்தும். "செவ்வாய் விடிய ஐந்தரை: கிளினிக் கொப்பி, இரத்தப் பரிசோதனை ரிப்போட், தண்ணீர்ப் போத்தல் மூன்றும் சிவப்புப் பைக்குள். ஓட்டோ அண்ணாவுக்கு இன்றைக்கே சொல்ல." இப்படி எழுதினால் அது வாயை மூடும். நாளைக்கென்று மூன்றுதான். நான்காவது வந்தால் மற்ற நாளுக்கு.

வலப்பக்கத்துக்கும் ஒரு நேரம் கொடுங்கள். 1983 இலேயே பொர்க்கொவெக் என்ற அமெரிக்க உளவியலாளர் கவலைக்காரரிடம், கவலைப்படாதே என்று சொல்லாமல், தினமும் ஒரே இடத்தில் ஒரே நேரத்தில் அரை மணித்தியாலம் இருந்து கவலைப்படு என்றார். மற்ற நேரத்தில் வந்தால் அந்த நேரத்துக்குத் தள்ளிப் போடச் சொன்னார். கேட்கப் பகிடியாக இருக்கும். நான் பின்னேரம் ஐந்தரைக்குக் கிணற்றடிக் கட்டின் மேல் இருந்து செய்கிறேன். அரை மணி எனக்கு நீளம். கால் மணியிலேயே அலுத்துப்போய்ப் பூமரத்துக்குத் தண்ணீர் ஊற்ற எழும்பிவிடுவேன். படுக்கப் போகும் நேரத்தில் மட்டும் இதை வைக்காதீர்கள்.

ஒரு வேலை மூன்று நாள் தொடர்ந்து தள்ளிப்போனால் அதில் ஏதோ பயம் ஒட்டியிருக்கிறது என்று எடுங்கள். உங்கள் பட்டியலில் அது காணி உறுதி என்றுதான் எனக்குப் படுகிறது. "அண்ணாவோடு கதைக்க" என்று எழுதினால் அது அடுத்த தைக்கும் அங்கேயே நிற்கும். "ஞாயிறு பின்னேரம் ஏழு மணி, முதல் வசனம்: அண்ணா, உறுதியின்ர பிரதி ஒண்டு எடுக்க வேணும்" என்று எழுதுங்கள். ரொறன்ரோவில் அப்போது பனிக்காலமென்றால் காலை எட்டரை, கோடையென்றால் ஒன்பதரை. ஞாயிற்றுக்கிழமை, அண்ணி கோப்பி போட்டிருப்பா. நல்ல நேரம்.

இன்னொன்றும் கேட்கவேண்டும். பிளானர் வாங்கித் தந்த உங்கள் கணவர் அதில் ஒரு வரியையாவது தன் பெயருக்கு எடுத்தாரா? கொப்பியைக் குசினி மேசையில் திறந்து வையுங்கள். காஸ் சிலிண்டருக்கு நேரே அவருடைய பெயரின் முதல் எழுத்தைப் போடுங்கள். சண்டை வேண்டாம், எழுத்து மட்டும் போடுங்கள்.

நெஞ்சு அடிக்கிறது என்பதை யோசினை என்று மட்டும் எடுத்துவிடாதீர்கள். தைரொயிட் கூடினாலும் இரத்தம் குறைந்தாலும் அப்படி அடிக்கும். அம்மாவைக் கொண்டுபோகிற நாளில் உங்களையும் ஒருக்கால் காட்டுங்கள். இதுவும் இடப்பக்கம்.

கேள்வி: எனக்கு 20 வயது. உயர்தரம், உயிரியல் பிரிவு, பரீட்சை இரண்டாந்தரம் எழுதப்போகிறேன். ஒவ்வொரு திங்களும் கலர்ப் பேனையால் நேர அட்டவணை போடுவேன். காலை நான்கு மணிக்கு எழும்புவது தொடக்கம் இரவு பதினொன்று வரை. புதன்கிழமைக்குள் குழம்பிவிடும். பிறகு புதிதாக இன்னொன்று. அட்டவணை போடும்போது இருக்கிற நிம்மதி படிக்கும்போது இல்லை. நான் சோம்பேறியா?
– மாணவன், பருத்தித்துறை

பதில்: தம்பி, சோம்பேறி நான்கு மணிக்கு எழும்ப ஆசைப்படமாட்டான். நீர் போடுவது அட்டவணை இல்லை, நேர்த்திக்கடன். "முருகா, இனி நான் இப்படியெல்லாம் இருப்பேன்" என்று கலர்ப் பேனையால் எழுதி வைக்கிறீர். எழுதும்போதே பாதிப் புண்ணியம் கிடைத்துவிடுகிறது, அதுதான் அந்த நிம்மதி.

நல்லூர்த் திருவிழா 25 நாளும் மணிக்கு மணி பிசகாமல் நடக்கும். எல்லோரும் அதைத்தான் உதாரணம் காட்டுவார்கள், உம்முடைய அப்பாவும் காட்டியிருப்பார். அதற்குப் பின்னால் எத்தனை பேரின் கை, எத்தனை வருடப் பழக்கம் என்று யாரும் சொல்வதில்லை. நீர் தனி ஆள், உமக்கு இது இரண்டாவது தடவை.

கணக்கு ஒன்று சொல்கிறேன். 1994 இல் கனடாவில் பியூலர் என்பவரும் கூட்டாளிகளும் வெளியிட்ட ஆய்வு. பல்கலைக்கழகக் கடைசி வருட மாணவர்களிடம், உங்கள் ஆய்வுக்கட்டுரையை எத்தனை நாளில் முடிப்பீர்கள் என்று கேட்டார்கள். சராசரியாக 33.9 நாள் என்றார்கள். எல்லாமே பிழைத்துப் போனால் எத்தனை நாள் என்று கேட்டதற்கு 48.6 என்றார்கள். உண்மையில் எடுத்தது 55.5 நாள். நினைத்த மிக மோசமான கணக்கையும் தாண்டிவிட்டது. கெட்டிக்காரப் பிள்ளைகள்தான் அவர்களும். மனிதன் தன்னுடைய வேலைக்கு நேரம் மட்டுக்கட்டும்போது பழைய அனுபவத்தைப் பார்ப்பதில்லை, ஆசையைத்தான் பார்க்கிறான்.

வார்ட்டில் காய்ச்சல் சார்ட் என்று ஒன்று கட்டிலின் கால்மாட்டில் தொங்கும். அதில் நடந்ததை மட்டும்தான் குறிப்போம். நாளைக் காய்ச்சலை இன்றைக்கு யாரும் வரைவதில்லை. நீரும் அப்படித் தொடங்கும். இந்தத் திங்கள் அட்டவணை போடாதேயும். திங்கள், செவ்வாய், புதன் மூன்று நாளும் நடந்ததை மட்டும் எழுதும். ஒரு கட்டமைப்புக் கட்டுரை வினாவைக் கொப்பி பார்க்காமல் எழுத எத்தனை நிமிடம்? பழைய வினாத்தாளில் 50 பல்தேர்வு வினாவை இரண்டு மணித்தியாலத்துக்குள் செய்ய முடிந்ததா, எத்தனையாவதில் மணி அடித்தது? ரியூட்டறியால் வந்து சாப்பிட்டு, உண்மையாக மேசையில் இருந்தது எத்தனை மணிக்கு? போன் எத்தனை தரம் கைக்கு வந்தது? வெட்கப்படாமல் எழுதும், யாருக்கும் காட்டத் தேவையில்லை.

வியாழக்கிழமை அந்தக் கணக்கை வைத்துத்தான் திட்டம். இரசாயனத்தில் ஓர் அலகுக்கு இரண்டு மணி என்று தோன்றினால் மூன்று மணி போடும். கிழமையில் ஒரு பின்னேரத்தை வெறுமையாக விடும். அது விளையாடுவதற்கு என்று நினைக்காதேயும், புதன்கிழமை குழம்பியது வந்து விழுவதற்கு. அட்டவணை குழம்பினால் புதிதாக ஒன்று போடக்கூடாது. அதே தாளில் அடித்துவிட்டு எழுதும். வெட்டுக்கொத்தாகக் கிடக்கட்டும். கலர்ப் பேனைகளைத் தங்கச்சி இருந்தால் அவளிடம் கொடுத்துவிடும்.

நான்கு மணிக்கு எழும்புவது எல்லோருக்கும் சரிவராது. பதினொன்றுக்குப் படுத்து நான்குக்கு எழும்பினால் ஐந்து மணித்தியால நித்திரை. படித்தது மண்டையில் தங்குவது நித்திரையில்தான். ஆறு மணிக்கு எழும்பும்.

கேள்வி: மகன் அவுஸ்திரேலியாவிலிருந்து நல்ல போன் அனுப்பியிருக்கிறான். அதிலேயே எல்லாம் குறிக்கலாம், மணியும் அடிக்கும். பிறகு ஏன் எல்லோரையும் கொப்பி வாங்கச் சொல்கிறீர்கள்?
– ஓய்வுபெற்ற ஆசிரியர், சாவகச்சேரி

பதில்: ஐயா, பிரஷர்க் குளிசைக்குப் போன் மணி அடிக்கட்டும். அதைக் கொப்பி செய்யாது. மணி அடிக்க வேண்டியது எல்லாம் போனுக்கு, அடங்க வேண்டியது எல்லாம் தாளுக்கு. நாளைக்குத் தபாற்கந்தோர் என்று குறிக்கப் போனைத் திறந்தால் வட்ஸ்அப்பில் ஊர் முழுக்க வந்து நிற்கும். யாருடையதோ அந்தியேட்டி அறிவித்தல், யாரோ அனுப்பிய சமையல் வீடியோ, கோயில் நிர்வாகச் சண்டை. குறிக்க வந்ததை விட்டுவிட்டு அரை மணி போய்விடும். உங்களுக்கு அப்படி நடக்கவில்லையென்றால் போனிலேயே எழுதுங்கள், எனக்கு ஆட்சேபணை இல்லை.

எனக்குத் தாளில் ஒரு பாசம் உண்டு, மறைக்கவில்லை. கரண்ட் இல்லாத அந்த யுத்தகால வருடங்களில் ஜாம்போத்தலுக்குள் பஞ்சை வைத்துக் கொஞ்ச மண்ணெண்ணெய் விட்டு, அந்த வெளிச்சத்தில் பழைய படிவங்களின் பின்பக்கத்தில் நாங்கள் ரிப்போட் எழுதினோம். 1995 இல் தென்மராட்சிக்கு இடம்பெயர்ந்து வந்தபோது, உங்கள் ஊர்ப் பக்கம்தான் ஐயா, ஒரு பள்ளிக்கூட வகுப்பறையில் ஆறு குடும்பம் இருந்தோம். யாரிடம் பால்மா இருக்கிறது, எந்தப் பிள்ளைக்கு வயிற்றோட்டம், எந்தக் கிணறு நல்ல தண்ணீர் என்று ஒரு சிகரெட் பெட்டி மட்டையில் எழுதி இடுப்பில் செருகியிருந்தேன். அந்த மட்டையில் எழுதின இரவுகளில் கொஞ்சமாவது கண் மூடினேன்.

கேள்வி: இதைப் பெயரில்லாமல் போடவும். என் மனைவி எல்லாவற்றையும் கொப்பியில் எழுதுவா. முதலில் நல்ல பழக்கம் என்றுதான் நினைத்தேன். இப்போது ஒரு எழுத்துப் பிழைத்தாலும் பக்கத்தைக் கிழித்துவிட்டு முழுவதையும் திரும்ப எழுதுகிறா. படுக்கப் போகுமுன் பத்து, பதினைந்து தரம் வாசித்துப் பார்க்கிறா. "எல்லாம் எழுதிட்டன்தானே?" என்று என்னிடம் கேட்டுக்கொண்டே இருப்பா. எழுதாவிட்டால் பிள்ளைகளுக்கு ஏதோ நடந்துவிடும் என்று அழுகிறா. கொப்பியை ஒளித்துவிடவா?
– கணவர், மானிப்பாய்

பதில்: தம்பி, ஒளிக்க வேண்டாம். ஒளித்தால் அவ சுவரில் எழுதுவா, அல்லது மனதுக்குள் எழுதிக்கொண்டு விடியும்வரை முழித்திருப்பா.

மேலே மற்றவர்களுக்குச் சொன்னது எதையும் உங்கள் வீட்டுக்கு எடுக்காதீர்கள். அவர்களுக்குக் கொப்பி வேலையை இறக்கி வைக்கிற இடம். உங்கள் மனைவிக்குக் கொப்பியே சுமையாகிவிட்டது. ஒரு நினைப்பு விடாமல் திரும்பத் திரும்ப வந்து பயமுறுத்துவதும், அந்தப் பயம் அடங்க ஒரே செயலைத் திரும்பத் திரும்பச் செய்வதுமான ஒரு நோய் இருக்கிறது. வைத்தியர்கள் ஓ.சீ.டி. என்பார்கள். இவவுக்கு அதுதான் என்று கடிதத்தைப் பார்த்து நான் சொல்ல முடியாது, சொல்லவும் கூடாது. பார்த்துச் சொல்ல வேண்டியவர் மனநல வைத்தியர்.

யாழ் போதனா வைத்தியசாலையிலும் தெல்லிப்பழை ஆதார வைத்தியசாலையிலும் மனநலப் பிரிவு இருக்கிறது. "அங்கே போனால் சனம் என்ன சொல்லும்" என்று வரும். சனம் சலரோகத்துக்கு ஒரு காலத்தில் என்னவெல்லாம் சொன்னது என்று எனக்குத் தெரியும். முதலில் போனில் கதைக்க விருப்பமென்றால் 1926, தேசிய மனநல உதவி இலக்கம், தமிழிலும் கதைக்கலாம்.

இந்த நோய்க்கு நல்ல சிகிச்சை உண்டு. ஒன்று, பயம் வரும்போது அந்தச் செயலைச் செய்யாமல் இருந்து, பயம் தானாக இறங்குவதைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பழகுவது. அதைத் தெரிந்தவர் துணையோடு செய்ய வேண்டும், வீட்டில் நீங்களாகத் தொடங்கக்கூடாது. மற்றது குளிசை. அது பனடோல் மாதிரி அன்றைக்கே வேலை செய்யாது. கிழமைக்கணக்கில், சிலவேளை இரண்டு மூன்று மாதம் பொறுக்க வேண்டும். எங்கள் ஆட்கள் இரண்டாம் கிழமையிலேயே "ஒண்டும் கேக்கேல்லை" என்று நிறுத்திவிடுவார்கள். வார்ட்டில் இதை எத்தனை தரம் பார்த்தேன்! வைத்தியர் சொல்லாமல் நிறுத்த வேண்டாம்.

வைத்தியரிடம் போகும்வரை ஒன்று செய்யலாம். அவ கேட்கும்போது "ஓம், எல்லாம் எழுதிட்டாய்" என்று பத்தாம் தரமும் உறுதி சொல்லாதீர்கள். ஏசவும் வேண்டாம். "பயமா இருக்கோ? வாரும், முத்தத்தில கொஞ்சம் நடப்பம்" என்று கூட்டிக்கொண்டு போங்கள். கிளினிக்குக்கும் நீங்கள் கூடவே போக வேண்டும், தனியாக அனுப்பிவிடாதீர்கள். போன பிறகு எனக்கு ஒரு வரி எழுதுங்கள். பத்திரிகையில் போடமாட்டேன்.

கேள்வி: நான் வீட்டில் தையல் மெசின் வைத்துத் தைக்கிறேன். ஏழாம் வகுப்போடு நின்றவள், எழுத்து வேகமாக வராது. கலியாண மாதம் வந்தால் யாருடைய சட்டை எது, எந்த நாள் கேட்டார்கள் என்று தலை சுற்றும். சனம் வாசலில் வந்து நின்றால் கை நடுங்குகிறது. எனக்கும் கொப்பி சரிவருமா?
– தையல்காரி, சுன்னாகம்

பதில்: பிள்ளை, ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பார்கள். உமக்கு எழுத்தே அதிகம் தேவையில்லை. துணி கொண்டுவந்ததும் ஓரத்தில் விரல் அளவு ஒரு துண்டு வெட்டிக் கொப்பியில் ஊசியால் குத்தும். ஒரு பக்கத்துக்கு ஓர் ஆள். துண்டுக்குப் பக்கத்தில் அளவு, கொடுக்க வேண்டிய திகதி, வாங்கிய முற்பணம். மூன்றும் இலக்கம்தான், எழுத்தில்லை. பெயர் எழுதச் சோம்பலாக இருந்தால் அவர்கள் கையாலேயே எழுதவிடும். பிறகு "நான் வெள்ளிக்கிழமை எண்டு சொன்னனான்" என்று சண்டைக்கு வரவும் முடியாது.

கலண்டர்த் தாளில் கொடுக்கும் நாளில் ஒரு புள்ளி போடும். ஒரு நாளில் மூன்று புள்ளி விழுந்துவிட்டால் நான்காவது ஆளிடம் "அண்டைக்கு ஏலாது அக்கா, திங்கள் தரட்டோ?" என்று முதலிலேயே கேளும். வாசலில் வந்து நிற்கும்போது கை நடுங்குவது, தைத்து முடிக்காத சட்டைக்காக இல்லை. ஏலாது என்று தெரிந்தும் ஓம் என்று சொன்னதற்காக. சாறிச் சட்டைக்கு உள்துணி வைக்கிறதென்றால் ஒரு நாள் கூட்டிச் சொல்லும். கொடுத்து முடிந்ததும் அந்தத் துணித்துண்டைக் கழற்றி எடுத்துவிடும். கொப்பியில் துண்டு இல்லாத பக்கம் முடிந்த பக்கம்.

சுன்னாகத்தில் எந்தப் பக்கம் என்று எழுதவில்லையே. என்னுடைய இரண்டு சட்டைத்துணி போன ஆவணியிலிருந்து எங்கள் ஒழுங்கையில் ஒருவவிடம் கிடக்கிறது. கேட்டால் "நாளைக்கு" என்கிறா. திருப்பி வாங்கி அனுப்பட்டோ? அவசரமில்லை, சித்திரைக்குப் பிறகு தந்தாலும் காணும்.